கம்போடியா காட்டுக் கோவிலுக்குப் போறீங்களா? பாம்பை விட இதைக் கவனிங்க

கம்போடியா போறதுக்கு முன்னாடி தடுப்பூசிக்காக என் கிளினிக் வர்றவங்க முதல்ல கேக்குறது, "டாக்டர், அங்க காட்டுல பாம்பு இருக்குமா?" இருக்கும். ஷூவும் ஃபுல் பேண்ட்டும் போடுங்க, கல் இடுக்குல கை விடாதீங்க, அவ்ளோதான். என் கவலை வேற, முதல்ல கண்ணிவெடி.

அங்கோர் வாட் மட்டும் பாக்குறவங்களுக்கு இது அவ்வளவா பொருந்தாது. கோ கெர், குலேன் மலைனு உள்ள போறவங்களுக்குத்தான். கோ கெர் 928-லேர்ந்து 944 வரைக்கும் கெமர் பேரரசோட தலைநகரம், ஏழு அடுக்குல சுமார் 36 மீட்டர் உயரத்துக்கு பிரமிடு மாதிரி கோவில், 2023-ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேந்ததுலேர்ந்து அதைப் பத்திக் கேக்குறவங்க ஜாஸ்தி. ஆனா 1998 வரைக்கும் இழுத்த உள்நாட்டுச் சண்டைல புதைச்ச கண்ணிவெடி எல்லாத்தையும் அந்த நாட்டுல இன்னும் எடுத்து முடிக்கல. டூரிஸ்ட் போற பாதையச் சுத்தம் பண்ணியாச்சு, அதை விட்டு எறங்குனாதான் சிக்கல். எதுக்கு எறங்குறாங்கன்னா, ஒன்னு போட்டோவுக்கு, இல்லாட்டி ஒன்னுக்குப் போக! வெக்கப்படாம டிரைவர்கிட்ட சொல்லி டாய்லெட் இருக்குற எடமா நிறுத்துங்க, அவசரம்னா ரோட்டோரமே போங்க, தயவுசெஞ்சு புதருக்குள்ள போகாதீங்க. மண்டையோடு போட்ட செவப்பு போர்டு பாத்தா வந்த தடத்துலயே திரும்புங்க. போர்டு இல்லாத எடமெல்லாம் சேஃப்னும் இல்ல, வெள்ளத்துல வெடியே எடம் மாறும்.

அடுத்தது நாய், குரங்கு. கடிச்சாலோ பிறாண்டினாலோ 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு அன்னைக்கே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசிக்கு ஓடணும், "ஊருக்கு வந்து பாத்துக்கலாம்"ங்கிற பேச்சே கூடாது. ரத்தம் வர்ற கடின்னா காயத்துல இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே தடுக்குற ரெடிமேட் எதிர்ப்பு மருந்து) போடணும், அது எல்லா ஊர்லயும் கிடைக்காது, ஃப்னோம் பென்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கு, ஆனா காட்டுலேர்ந்து அங்க போய்ச் சேரவே ஒரு நாள் ஆகலாம். முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டிருந்தா இம்யூனோகுளோபுலின் வேண்டாம், கடிச்ச பிறகு போடுற பூஸ்டர் மட்டும் போதும்.

திரும்பி வந்து காய்ச்சல் அடிச்சா, மாசக்கணக்கு கழிச்சு வந்தாலும், கம்போடியா காட்டுக்குப் போனதை டாக்டர்கிட்ட எடுத்ததுமே சொல்லுங்க. வைவாக்ஸ்ங்கிற வகை மலேரியா ஈரல்ல ஒளிஞ்சிருந்து மெதுவா கிளம்பும். ஒரு மலேரியா டெஸ்ட் நெகட்டிவ் வந்துட்டா விட்டுடாதீங்க, காய்ச்சல் நிக்கலைன்னா மறுபடி எடுக்கச் சொல்லுங்க. டெங்கு இல்லைன்னு தெரியுற வரைக்கும் பாரசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீங்க.