குழம்பில் மிதக்கும் இரண்டு துண்டு

என்னிடம் வருகிறவர்களை ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். உணவு ஆலோசகர் வேலையில் பாதி அந்த நோட்டைப் படிப்பதுதான். சர்க்கரைக்காக வந்த ஐம்பது வயது அம்மா ஒருவரின் நோட்டில் நான்கு நாள் மதியத்துக்கு ஒரே வரி: ‘சாதம், முருங்கைக்காய் சாம்பார், அப்பளம்.’

“காய் என்னம்மா சாப்பிட்டீங்க?”

“அதான் முருங்கைக்காய் இருக்கே மேடம்.”

“எத்தனை துண்டு?”

கொஞ்சம் யோசித்தார். “எனக்கு ரெண்டு. அவருக்கு நாலு போட்டேன்.”

இந்த ‘ரெண்டு துண்டு’ கணக்கை நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறேன். வாசனைக்குப் போட்ட காயைக் காய்கறி சாப்பிட்டதாகக் கணக்கில் எழுதிவிடுகிறோம். உட்கார்ந்து கணக்குப் போட்டால் தெரியும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நீளக் காய்களில் ஒன்று பி.கே.எம்-1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வந்த ரகம். நன்றாக விளைந்த ஒரு காய் ஏறக்குறைய 150 கிராம் இருக்கும். நீளம் இரண்டடிக்கு மேல். அதை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு பத்துப் பன்னிரண்டு கிராம். இரண்டு துண்டு என்றால் இருபத்துச் சொச்சம். அதில் பாதிக்கு அருகில் சக்கையாக மென்று தட்டோரத்தில் ஒதுக்குகிறோம். வயிற்றுக்குள் போன சதை ஒரு மேசைக்கரண்டி இருந்தால் அதிகம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கீரை, கிழங்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி சாப்பிடச் சொல்கிறது. சாம்பார்க் கரண்டியில் மிதந்து வந்த இரண்டு துண்டு இதில் எந்த மூலைக்கு?

‘முருங்கைக்காயில் நார்ச்சத்து நிறைய’ என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவோம். நிறையத்தான். ஆனால் அந்த நாரில் பெரும்பங்கைத் துப்பிவிடுகிறோமே!

ஆகவே என் கிளினிக்கில் ஒரு சின்ன அளவு வைத்திருக்கிறேன்: முருங்கைக்காய் சமைக்கிற நாளில் தலைக்கு ஒரு காய். குழம்புக்கு ஒரு காய் அல்ல, ஆளுக்கு ஒரு காய். இதைச் சொன்னதும், “சாம்பாரில் அவ்வளவு எப்படிப் போடறது மேடம்?” என்று கேட்பார்கள். போட முடியாதுதான். அதனால்தான் எதில் போடுகிறோம் என்பதை மாற்ற வேண்டும்.

முதலில் பொரிச்ச குழம்பு. நான் அதிகம் எழுதிக்கொடுப்பது இதைத்தான். புளி கிடையாது. நான்கு பேருக்கு நான்கு காய். துண்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. பாத்திரத்தை மூடி, நடுத்தரத் தீயில் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் அமுக்கினால் ஓரத்தில் பிளந்து, உள்ளே சதை வழவழப்பாகத் தெரிய வேண்டும். ஆனால் துண்டு உருக்குலையக் கூடாது. அதுதான் பதம். தனியாகக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பைச் சேர்த்து, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகு, சீரகம், ஒரு வற்றல் மிளகாய், ஒரு பிடி தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டால் வேலை முடிந்தது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக்கொள்ளலாம். காய் வெந்த தண்ணீர் முழுக்கக் குழம்பிலேயே இருக்கிறது. இது முக்கியம். முருங்கைக்காயில் வைட்டமின் சி தாராளமாக இருக்கிறது, எடைக்கு எடை ஆரஞ்சைவிட அதிகம். ஆனால் அது சூட்டில் ஓரளவு அழியும், தண்ணீரில் கரையும். கொதிக்க வைத்து நீரை வடித்துவிட்டுப் பொரியல் செய்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. தப்பித்த கொஞ்சமும் அப்போது சாக்கடைக்குப் போய்விடும். நறுக்கிய பிறகு அலசுவதும் அப்படித்தான். முழுக் காயாகக் கழுவிவிட்டு நறுக்குங்கள்.

குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. துவரம்பருப்போடு காயையும் போட்டு நான்கு விசில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நார் தனித்தனியாகப் பிரிந்து, சாம்பார் முழுக்கத் துடைப்பக் குச்சி மிதக்கும். சாப்பிடும்போது பிள்ளைகள் முகம் சுளித்தால் குற்றம் காயினுடையது அல்ல. பருப்பு வேறு, காய் வேறு.

இன்னொரு பக்கம், காய் வேகவே மாட்டேன் என்கிறது என்ற புகார். பெரும்பாலும் அது புளியின் வேலை. புளிப்பு சேர்ந்தால் காயின் திசு இளகுவது தாமதமாகும். காயைக் கொஞ்சம் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, அதற்குப் பிறகு புளிக்கரைசலை ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. தக்காளிக்கும் இதே விதி. காய் முற்றியதாக இருந்தால் எந்த விதியும் உதவாது. கடையில் வாங்கும்போது இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். இளங்காய் வளைந்துகொடுக்கும். விதை புடைத்து, தோல் விறைத்து இருந்தால் விட்டுவிடலாம்.

புளிக்குழம்பும் காரக்குழம்பும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் புளிப்பு ஏறினால் உப்பு ஏறும், உப்பும் காரமும் ஏறினால் சாதம் ஏறும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பின் ருசி எனக்கும் தெரியும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிவிட்டு, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது எப்போதாவதுதான்.

அவியல், திருநெல்வேலிப் பக்கத்துச் சொதி இரண்டிலும் காய் தாராளமாகப் போகும், புளியின் ஆட்டமும் இல்லை. தேங்காய்தான் கொஞ்சம் அதிகம். சொதியில் தேங்காய்ப்பால், ஆகவே அதை வாரத்தில் ஒரு நாள் விருந்தாக வைத்துக்கொள்ளலாம். கேரளத்தில் மாங்காயும் முருங்கைக்காயும் சேர்த்துத் தேங்காய் அரைத்து ஒரு குழம்பு வைப்பார்கள். ஆந்திராவில் தக்காளி, வெங்காயத்தோடு கெட்டியாக ஒரு ‘கூர’, அதாவது கறி. இவற்றிலெல்லாம் காய்தான் கதாநாயகன், அதனால் எனக்குப் பிடிக்கும். முட்டை உடைத்து ஊற்றிய முருங்கைக்காய் மசாலாவையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல் கட்டியவர்கள், பல் இல்லாதவர்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு வேறு வழி வேண்டும். காயை மூன்று அங்குலமாக நறுக்கி, நன்றாக வேகவைத்து, ஆறியதும் ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் பிளந்து, தோலின் உட்புறத்தைக் கரண்டியின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்தால் சதையும் இளவிதையும் சேர்ந்து வரும். அவசரப்பட்டுக் குறுக்கே சுரண்டினால் நாரும் கூடவே வரும், அதை மறுபடி பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். நான்கைந்து காய்க்கு ஒரு கிண்ணம் சதை கிடைக்கும். சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி அதில் புரட்டினால் மசியல். அடை மாவில் கலக்கலாம், பருப்பு வடையில் சேர்க்கலாம். வேகவைத்த தண்ணீரை மிளகு, சீரகம் தட்டிப் போட்டு ரசமாக்கிவிடுங்கள். ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கிய குழந்தைக்கு இந்தச் சதையை விதை நீக்கி, வடிகட்டியில் தேய்த்து, பருப்புச் சாதத்தில் பிசைந்து கொடுக்கலாம். ஒரு நார்கூட இருக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். சூப்பட்டும் என்று துண்டை அப்படியே கையில் கொடுக்கிற பாட்டிமார்களுடன் எனக்கு நீண்டநாள் சண்டை. வயதானவர்களிடமும், மெல்ல முடியாமல் நாரோடு விழுங்குகிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

‘முருங்கை என்றால் இரும்புச்சத்து’ என்ற நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. ரத்தசோகையோடு வரும் கர்ப்பிணிகள் பலர், “தினமும் முருங்கைக்காய் சாப்பிடறேனே” என்பார்கள். இரும்பு உள்ளது கீரையில். நூறு கிராம் காயில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை, கீரையில் அதைப்போலப் பல மடங்கு. காய் செய்யும் உதவி வேறு. அதிலுள்ள வைட்டமின் சி, அதே சாப்பாட்டில் இருக்கும் பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்பை உடல் உறிஞ்ச உதவும். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் டீ குடித்தால், உறிஞ்ச வேண்டிய இரும்பை அந்த டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும். மருத்துவர் எழுதிய இரும்பு மாத்திரையை இதற்காக நிறுத்த வேண்டாம். அப்புறம், முருங்கை வேர், பட்டைக் கஷாயம் எதையும் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

நோட்டு அம்மாவிடம் திரும்பி வருகிறேன். ‘அவருக்கு நாலு போட்டேன்’ என்றாரே, அந்த ‘அவருக்கு’ கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடியிருக்கிறது என்பது பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது. மறுபடி உட்காரச் சொன்னேன்.

நூறு கிராம் முருங்கைக்காயில் பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல். நல்ல சிறுநீரகம் அதைச் சமாளித்துவிடும். பழுதானது சமாளிக்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பையே அது குலைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழ். தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும். காயைச் சின்னதாக நறுக்கி, நீளவாக்கில் கீறி, தாராளமான தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, பிறகு தாளிப்பில் போட வேண்டும். பொட்டாசியம் முழுதும் போகாது, ஒரு பங்கு போகும். எவ்வளவு சாப்பிடலாம், சாப்பிடவே கூடாதா என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். துண்டை மட்டும் எண்ணினாலும் போதாது. காயிலிருந்து கரைந்ததும், பருப்பிலும் தக்காளியிலும் தேங்காயிலும் இருப்பதும் சாம்பாரில்தான் நிற்கிறது. அவர் தட்டில் பிரச்சினை நான்கு துண்டைவிட, சாதத்தைக் குளிப்பாட்டிய நான்கு கரண்டி சாம்பார். முருங்கைக்கீரை சூப் கிட்னிக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து வாரத்தில் மூன்று நாள் அதையும் கொடுத்துவந்தாராம். அன்றோடு நிறுத்தச் சொல்லி, கணவரின் ரிப்போர்ட்டோடு சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினேன்.

“ஒரே அடுப்பில் ரெண்டு சமையலா மேடம்?” என்றார். பாவம்தான். ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்: காயை நறுக்கியதும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உங்கள் பங்கு குறைந்த தண்ணீரில், அவருக்கு மருத்துவர் அனுமதித்த துண்டுகள் நிறையத் தண்ணீரில். பருப்பும் அரைப்பும் உங்கள் ஏனத்துக்கு மட்டும். அவருடையதில் வெங்காயம், கடுகு, மிளகுத்தூள் போட்டு உலர்ந்த பிரட்டல்.

அடுத்த மாதம் நோட்டு வந்தது. வாரத்தில் இரண்டு மதியம் முருங்கைக்காய்: ‘சாதம் ஒரு கப், பொரிச்ச குழம்பு, காய் பத்துத் துண்டு. அவருக்குத் தனி, மூணு.’ பக்கத்தைப் புரட்டுவதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

“அப்பளத்தைப் பத்தி மட்டும் இன்னைக்குக் கேக்காதீங்க மேடம்.”