நானோ கம்பியைச் சுற்றிவரும் எலக்ட்ரான்

பிஸ்மத் செலினைடு படிகம் ஒன்றை இரண்டாகப் பிளந்தால், அதுவரை உட்புறமாக இருந்த பகுதி புதிய மேற்பரப்பாகிறது. பிளந்த அக்கணமே அந்த மேற்பரப்பும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடுகிறது. உள்ளே மின்கடத்தாப்பொருளாகவும் வெளியே உலோகமாகவும் நடந்துகொள்ளும் இத்தகைய பொருள்களுக்கு இடவியல் மின்கடத்தாப்பொருள்கள் என்று பெயர். எத்தனை முறை சுரண்டினாலும் இவற்றின் மேற்பரப்பிலிருந்து அந்தக் கடத்தும் குணம் போவதில்லை.

காரணம் படிகத்தின் உள்ளேதான் இருக்கிறது. பிஸ்மத் போன்ற கனமான அணுக்களில் எலக்ட்ரானைச் சிறு காந்தம்போல் ஆக்கும், திசையுடைய குணமான தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது. அதனால், எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் மட்டங்களின் தொகுப்புகளான ஆற்றல் பட்டைகளில் மேலே இருக்க வேண்டியது கீழேயும், கீழே இருக்க வேண்டியது மேலேயுமாக வரிசை மாறிவிடுகிறது. வெளியே உள்ள வெற்றிடத்தில் இந்தத் தலைகீழ் வரிசை கிடையாது. ஒரு வரிசை முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையில், பட்டைகளுக்கு நடுவே எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி மூடித்தான் ஆக வேண்டும். அது மூடும் இடமே மேற்பரப்பு; அதனால்தான் அங்கே மின்சாரம் ஓடுகிறது.

அங்கே ஓடும் எலக்ட்ரானின் தற்சுழற்சி, அது செல்லும் திசைக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருக்கிறது. வந்த வழியே நேர் எதிராகத் திரும்ப வேண்டுமானால் தற்சுழற்சியும் முழுமையாகப் புரள வேண்டும். காந்தத்தன்மை இல்லாத சாதாரண மாசு அணுவால் அதைச் செய்ய இயலாது. இதைக் கொண்டு, மின்தடையே இல்லாத மேற்பரப்பு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. நேர் பின்னோக்கிய சிதறல் மட்டுமே தடுக்கப்பட்டிருக்கிறது, மற்றக் கோணங்களில் எலக்ட்ரான் சிதறிக்கொண்டேதான் போகிறது.

இந்த மேற்பரப்பு மின்னோட்டத்தைத் தனியாக அளப்பது எளிதன்று. பிஸ்மத் செலினைடில் செலினியம் அணுக்கள் ஆங்காங்கே விடுபட்டுப்போகின்றன. அந்தக் குறைபாடுகள் உட்புறத்துக்கு எலக்ட்ரான்களைத் தந்துவிடுவதால், கடத்தக் கூடாத உட்புறமும் கடத்துகிறது. படிகத்தை மெலிதாக்குவது இதற்கு ஒரு நல்ல வழி. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியை 100 நானோமீட்டராக மெலித்தால், பருமனோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பின் பங்கு 10,000 மடங்கு கூடும். தங்கத் துகள்கள் படிந்த தகட்டின் மீது மூலப்பொருளின் ஆவியைச் செலுத்தி, ஒவ்வொரு துகளின் அடியிலிருந்தும் ஒரு கம்பி வளரும்படி செய்து இத்தகைய நானோ கம்பிகளைப் பெறுகிறார்கள்.

ஆனால் கம்பியின் பெருமை மெலிவில் முடிந்துவிடவில்லை. எலக்ட்ரான் அலையாகவும் இருப்பதால், கம்பியைச் சுற்றிவரும்போது புறப்பட்ட இடத்தில் தன்னோடு தானே பொருந்த வேண்டும். சாதாரண உலோகக் குழலாக இருந்தால் சுற்றளவில் 0, 1, 2 என முழு எண்ணிக்கையில் அலைநீளங்கள் அடங்கும். இடவியல் கம்பியிலோ, எலக்ட்ரான் ஒரு சுற்று வரும்போது அதனோடு பூட்டப்பட்ட தற்சுழற்சியும் 360 பாகை திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பிய எலக்ட்ரானின் அலை பழைய நிலைக்கு வராமல் எதிர்க்குறியோடு வந்து நிற்கும் என்பது குவாண்டம் இயற்பியலின் விதி. அந்தக் குறியை ஈடுசெய்ய, சுற்றளவில் ½, 1½ என அரைக் கணக்கிலேயே அலைநீளங்கள் அடங்க முடியும். சுற்றுவதற்கென்று ஆற்றலே தேவைப்படாத சுழியம் என்ற எண்ணிக்கைக்கு இடமில்லாமல் போவதால், அகன்ற மேற்பரப்பில் மூடியே இருந்த ஆற்றல் இடைவெளி, கம்பியில் சிறிதாகத் திறந்துகொள்கிறது. எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு 5 லட்சம் மீட்டர் என்றும் கம்பியின் ஆரம் 50 நானோமீட்டர் என்றும் கொண்டால், அந்த இடைவெளி ஏறத்தாழ 6.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அந்த வெப்பத்தில் இது தெரியாது. கம்பியை மிகவும் குளிர்விக்க வேண்டும்.

இனி, கம்பியின் நீளவாக்கில் ஒரு காந்தப்புலத்தைச் செலுத்துவோம். சுற்றிவரும் அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, அது வளைத்துச் செல்லும் பரப்பினுள் ஊடுருவும் காந்தப் பாயம் (காந்தப்புலத்தைப் பரப்பால் பெருக்கிய அளவு) மாற்றுகிறது. அஹரோனோவும் போமும் 1959-இல் விளக்கிய விளைவு இது. அலையின் கட்டத்தை ஒரு முழுச் சுற்று நகர்த்தும் பாயத்தை ஒரு குவாண்டம் என்பார்கள். அரைக் குவாண்டம் பாயம் உள்ளே இருந்தால் இன்னொரு எதிர்க்குறி சேர்கிறது. இரண்டு எதிர்க்குறிகளும் ஒன்றையொன்று நீக்கிவிட, சுழியத்துக்கு மீண்டும் இடம் கிடைத்து இடைவெளி மூடிக்கொள்கிறது. அரை அலைநீளப் பாதைகள் வலச்சுற்று, இடச்சுற்று என்று இரட்டையாகவே அமைபவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி எலக்ட்ரான் பின்திரும்ப வழியுண்டு. சுழியப் பாதைக்கு இணை கிடையாது. எனவே காந்தமற்ற மாசுகள் எத்தனை கிடந்தாலும் அந்த ஒரு தடம் திறந்தே இருக்கும். இத்துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த ஒற்றைத் தடம்தான்.

சோதனையில் இது அலைவுகளாகத் தெரிகிறது. ஒரு முழுக் குவாண்டம் பாயம் 4.14 × 10⁻¹⁵ வெபர். 100 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரக் குறுக்குவெட்டுக் கம்பியில், புலத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு 0.41 டெஸ்லாவுக்கும் ஒருமுறை மின்தடை ஏறி இறங்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் தலைமையிலான குழு 2010-இல் பிஸ்மத் செலினைடு நானோ நாடாக்களில் (தட்டையான நானோ கம்பிகளில்) முழுக் குவாண்டத்துக்கு ஒருமுறை வரும் இத்தகைய அலைவுகளைக் கண்டது. மின்னோட்டம் உட்புறம் முழுவதும் பரவியிருந்தால் ஒவ்வோர் எலக்ட்ரானும் வெவ்வேறு பரப்பை வளைத்துச் சென்று அலைவுகள் கலைந்துபோயிருக்கும்; அவை தெளிவாக நிலைத்ததே மின்னோட்டம் மேற்பரப்பில் ஓடியதற்குச் சான்று.

ஆனால் அந்த அளவீட்டில் கடத்துதிறன் உச்சம் பெற்றது அரைக் குவாண்டத்தில் அல்ல, சுழியப் பாயத்தில். கம்பியில் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல் மட்டம் வரை நிரம்பியுள்ளன என்பதைப் பொறுத்து உச்சமும் தாழ்வும் இடம் மாறும் என்று கோட்பாட்டாளர்கள் அதே ஆண்டில் விளக்கினார்கள். 2016-இல் பர்டூ பல்கலைக்கழகத்தினர் பிஸ்மத் டெல்லுரைடு நாடாவில் அருகே வைத்த மின்முனைக்குத் தரும் மின்வாயில் அழுத்தத்தைக் கொண்டு அந்த மட்டத்தை நகர்த்தியபோது, உச்சம் சுழியப் பாயத்துக்கும் அரைக் குவாண்டத்துக்கும் இடையே மாறிமாறித் தாவியது.