புறாவுக்குப் போடும் சோறு எலிக்குத்தான் போகிறது

இந்த மாதமும் அதே புகார். சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி புளோக் அடியில் எலி, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வளை. பூச்சி ஒழிப்பு வேலையில் இருப்பவன் என்பதால் போனதும் சுவரோரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். தூணுக்குப் பின்னால் நாளிதழ் விரித்து, அதன்மேல் ஒரு குவியல் சாம்பார் சாதம்.

“பாவம், வாயில்லா ஜீவன், புறா சாப்பிடட்டுமே” என்கிறார்கள். புண்ணியம் என்று மனதார நம்பித்தான் செய்கிறார்கள். ஆனால் புறா பகலில் கொத்தும், பாதியைச் சிதறிவிட்டு இருட்டுவதற்குள் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் எலிக்கு. துப்புரவு ஊழியர் காலையில்தான் வருவார். அதுவரை ராத்திரி முழுக்க அதற்கு விருந்து. சினைப்பட்ட எலி மூன்றே வாரத்தில் குட்டி போடும்.

“அதான் மருந்து வைத்திருக்கிறீர்களே!” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எலி புதுப் பொருளைக் கண்டால் தயங்கும். பக்கத்திலேயே பழகிய சோறு கிடக்கும்போது எங்கள் மருந்தை ஏன் தொடப்போகிறது? வளையை மூடினாலும் வேறு இடத்தில் தோண்டிக்கொள்ளும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம் என்பதும் பதில் ஆகாது. அந்தப் பணத்தில், புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றம் தரையைக் கூட்டலாம், கழுவலாம், எங்களை அழைக்கலாம். சாயங்காலம் நீங்கள் மறுபடி கொட்டினால் என்ன செய்ய முடியும்?

சட்டமும் இருக்கிறது. வனவிலங்குச் சட்டப்படி புறாவுக்கோ காக்கைக்கோ தீனி போடுவது குற்றம். முதல் முறையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த மனசு நல்ல மனசு. முன்னோர் பெயரில் கோயில் அன்னதானத்துக்குக் கொடுங்கள், தயவுசெய்து.

அப்புறம், மிச்சச் சாப்பாட்டைப் பையில் இறுக்கக் கட்டிக் குப்பைக் குழாயில் போடுங்கள். பை நுழையவில்லை என்றால் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், மின்தூக்கி வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். அதனால்தான் மருந்துப் பெட்டியைச் சுவரோரம் வைக்கிறோம். அதை யாரும் நகர்த்தவே கூடாது.

வளை கண்ணில் பட்டால் படம் எடுத்து குடியிருப்புப் புகார்களுக்கான ஒன்சர்விஸ் செயலியில் அனுப்புங்கள். புளோக் எண்ணும் இடமும் தெரிந்தால் போதும். சோறு போட்டது யார் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.