கஸ்ட் லாக்: காற்றுப் பூட்டா, மடல் பூட்டா?

நிறுத்தி வைத்த விமானத்தின் மடல்களைக் காற்று ஆட்டாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டுக்கு ஆங்கிலத்தில் ‘கஸ்ட் லாக்’ என்று பெயர். விமானச் செய்தியை மொழிபெயர்க்கும்போது அது வந்தால் சட்டென்று ‘காற்றுப் பூட்டு’ என்று போடத் தோன்றும். போடாதீர்கள். ‘காற்றுப் பூட்டு’ என்றால் ‘ஏர் லாக்’ என்றும் ஆகிவிடும். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்துக்கொள்வதும் ஏர் லாக், விண்கலத்தின் இரட்டைக் கதவு அறையும் ஏர் லாக், படிப்பவர் நேரே அங்கே போய்விடுவார்.

கஸ்ட் வெறும் காற்று இல்லை. வானிலை அறிக்கையில் ‘மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும்’ என்று வருமே, அந்த ‘இடையிடையே’தான் கஸ்ட். திடீரென்று ஓங்கி ஒரு மொத்து, அப்புறம் தணிந்துவிடும். குளிர்காற்று வீச்சைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லான ‘குஸ்டர்’ இதன் மூலமாக இருக்கலாம் என்பார்கள்.

இந்த மொத்து, தரையில் நிற்கும் விமானத்தின் வாலிலும் இறக்கையிலும் கீல் போட்டு மாட்டியிருக்கும் மடல்களைப் படபடவென்று அடித்து உடைத்துவிடும். அதனால் நிறுத்தியதும் அவற்றை அசையாமல் பூட்டிவிடுவார்கள். பெரிய விமானங்கள் சிலவற்றில் இதற்கு நெம்புகோல். செஸ்னா மாதிரிச் சின்ன விமானத்தில் விமானியின் கைப்பிடித் தண்டில் செருகும் ஒரு கம்பி, அதன் தலையில் சிவப்புத் தகடு, சாவித்துளையையே மறைத்துக்கொண்டு நிற்கும். தகடை எடுக்காமல் சாவி போட முடியாது. நல்ல யோசனை!

பூட்டை எடுக்க மறந்தால்? 1952 டிசம்பர் 20. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு, சி-124 குளோப்மாஸ்டர் என்ற பிரம்மாண்டமான அமெரிக்க ராணுவச் சரக்கு விமானம் வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக் அருகே லார்சன் தளத்தில் ஓடத் தொடங்கியது, சில அடிதான் எழும்பியது, இடது இறக்கை தரையில் இடிக்க, குட்டிக்கரணம் போட்டுச் சிதறித் தீப்பிடித்தது. இருந்தவர்கள் 115 பேர், இறந்தவர்கள் 87 பேர். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால்மடலும், இடவலமாகத் திருப்பும் சுக்கானும் பூட்டியபடியே இருந்திருக்கின்றன. (சுக்கான் அரபியிலிருந்து வந்த சொல், கப்பலோடு வந்து இறங்கியது.) இத்தனைக்கும் 1935-இலேயே ரைட் ஃபீல்டு என்ற அமெரிக்க விமானத் தளத்தில் போயிங்கின் சோதனை விமானம் ஒன்று இதே பூட்டை எடுக்காமல் கிளம்பி விழுந்து, விமானிகள் சரிபார்ப்புப் பட்டியல் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவக் காரணமாக இருந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘பூட்டு’ நம்மிடம் விசித்திரமான சொல். ‘வண்டியைப் பூட்டு’ என்றால் ஒருவர் சாவி போட்டு நிறுத்துவார், மாட்டுவண்டிக்காரர் நுகத்தில் மாட்டைக் கட்டிக் கிளம்பிவிடுவார். விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடியின் ஆங்கிலப் பெயரும் யோக், அதாவது நுகம்! விமானத்தில் நுகத்தைப் பூட்டினால் வண்டி நகரக் கூடாது, மாட்டுவண்டியில் பூட்டினால்தான் நகரும்.

ஆகவே ‘பூட்டு’ மட்டும் போதாது, எதைப் பூட்டுகிறோம் என்பதும் சொல்லில் இருக்க வேண்டும். எதற்காகப் பூட்டுகிறோம் என்பது, அதாவது காற்று, அவ்வளவு முக்கியமில்லை. ‘வன்காற்றுத் தடுப்புப் பூட்டு’ என்று அகராதித்தனமாக நீட்டினால் ஓடுதளத்து இரைச்சலில் யாரும் சொல்லி முடிக்க மாட்டார்கள். என் ஓட்டு ‘மடல் பூட்டு’க்கு. காதுமடல், தாழைமடல் மாதிரி ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் ஆடுவதுதான் மடல், விமானத்தில் இருப்பதும் அதே சாதி. விமானி பக்கத்து இருக்கை விமானியிடம் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம்: “மடல் பூட்டு எடுத்தாச்சா?”