பறக்கும் கார் ஏன் மூக்கைக் குத்துகிறது?

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் கேலியில் ஒன்று குறைந்தது. ஆறு மட்டும் அப்படியே கிடந்தது. வட ஆற்காடு மாவட்டம் இன்னும் பிரிக்கப்படாத அந்த எண்பதுகளில், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுக் காட்பாடிக்கு நடந்தே திரும்புவோம். அன்று பார்த்த படத்தில் வங்கியைக் கொள்ளையடித்தவர்கள் ஒரு அம்பாசிடரைத் திருடிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னால் போலீஸ் ஜீப். எதிரே உடைந்த பாலம். கார் தாவுகிறது, அக்கரையில் இறங்குகிறது, புழுதி கிளப்பியபடி போய்விடுகிறது.

பாலாற்றுப் பாலத்தின் நடுவில் நின்று, இது நடக்குமா என்று சண்டை போட்டோம். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "இன்ஜின் முன்னால் இருக்கிறது, கனம் அங்கேதான். மூக்கு குத்தாமல் என்ன செய்யும்?"

பல வருடங்கள் அதை நம்பியிருந்தேன். மூக்கு குத்தும் என்பது சரிதான். அவர் சொன்ன காரணம் பாதிதான் சரி.

தாவும் தூரத்தில் மர்மம் இல்லை. 15 டிகிரி சாய்தளத்தில் ஏறி, மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கார் கிளம்பினால், ஏறக்குறைய 20 மீட்டர் தாண்டும். உச்சத்தில் 1.4 மீட்டர் எழும்பும். எல்லாம் ஒரே வினாடியில் முடிந்துவிடும். திரையில் அது மூன்று வினாடி நீள்வது கேமராவின் உபயம்: வினாடிக்கு 72 படச்சட்டங்கள் எடுத்து, வழக்கமான 24இல் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

இனி மூக்கு. காற்றில் மிதக்கும் பொருளைப் புவியீர்ப்பால் புரட்ட முடியாது. இன்ஜினும் டிக்கியும் ஒரே முடுக்கத்தில்தான் விழுகின்றன. கனமான பக்கம் வேகமாக விழும் என்பது கலிலியோ காலத்திலேயே அடிபட்டுப்போன எண்ணம். ஆக, கார் முழுவதும் காற்றுக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் கனம் என்பதற்கு வேலையே இல்லை.

மூக்கைக் கவிழ்ப்பது சாய்தளத்தின் விளிம்பு. அம்பாசிடரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.46 மீட்டர். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிய பிறகு, பின்சக்கரம் அங்கே வந்து சேர வினாடியில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது. அந்த இடைவெளியில் முன்பாகத்தைத் தாங்க ஆளில்லை. பின்பாகமோ இன்னும் சாய்தளத்தின் மேல். கார் பின்சக்கரத்தை அச்சாக வைத்து முன்புறம் கவிழத் தொடங்குகிறது. பின்சக்கரமும் விடுபட்டதும் கவிழ்க்கும் விசை நின்றுவிடும், வாங்கிய சுழற்சி நிற்காது. அழுந்தியிருந்த பின் ஸ்பிரிங்குகள் அந்த நேரம் பார்த்து விரிந்து, பின்புறத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும்.

என் தோராயக் கணக்கில் இந்தச் சுழற்சி வினாடிக்கு 30 டிகிரியை ஒட்டி வருகிறது. 15 டிகிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய கார், ஒரு வினாடி கழித்து 15 டிகிரி கவிழ்ந்த மூக்கோடு இறங்கும்.

வேகமாக ஓட்டினால் தப்பிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வேடிக்கை புரிந்தது. வேகம் இரட்டிப்பானால் விளிம்பில் கழியும் நேரம் பாதியாகும், சுழற்சியும் பாதியாகும். ஆனால் காற்றில் இருக்கும் நேரம் இரட்டிப்பாகிவிடும். இரண்டையும் பெருக்கினால் கவிழும் கோணம் அதேதான்! கொள்ளைக்காரன் எவ்வளவு மிதித்தாலும், அதே உயரத்தில் உள்ள அக்கரையில் மூக்கு ஏறக்குறைய அதே சாய்வில்தான் போய் நிற்கும்.

அதனால்தான் சண்டைக்கலைஞர்கள் டிக்கியில் பாரம் ஏற்றுகிறார்கள். 1979 முதல் 1985 வரை ஓடிய 'தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், தாவப்போகும் டாட்ஜ் சார்ஜரின் டிக்கியில் மணல் மூட்டையோ கான்கிரீட்டோ இருக்கும். நிறைமையம் பின்சக்கரத்தை நெருங்க நெருங்க, விளிம்பில் கவிழ்க்கும் நெம்புகோல் குட்டையாகிறது. நம் அண்ணனின் 'முன்னால் கனம்' வேலை செய்வது இந்த இடத்தில், அந்த ஒரு கணத்தில் மட்டும். சாய்தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்து, எதிர்ச்சுழற்சி கொடுத்து அனுப்புவதும் உண்டு. அம்பாசிடர் பின்சக்கரத்தில் இழுவை உள்ள வண்டி. காற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பின்சக்கரங்கள் வேகம் கூடுவதன் எதிர்வினையாக மூக்கு சற்று நிமிரும். பயந்துபோய் பிரேக்கை மிதித்தால் இன்னும் கவிழும்.

இறங்குவதுதான் கொடுமை. 1.4 மீட்டர் உயரத்திலிருந்து காரை அப்படியே கீழே போட்டதற்குச் சமம். கீழ்நோக்கிய வேகம் 20 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரித் தடை புவியீர்ப்பைப் போல் ஏழு மடங்கு. 70 கிலோ ஓட்டுநரின் முதுகெலும்பில் அரை டன் உட்காரும். எதிர்ப்பக்கமும் 15 டிகிரி இறங்குசரிவு அமைத்தால் கதையே வேறு: கார் விழும் பாதையும் சரிவும் ஒன்றாகிவிடுவதால், மோதாமல் வழுக்கி இறங்கும். கவிழ்ந்த மூக்கே அங்கே வரமாகிறது.

எங்கள் பாலாற்று மணல் மெத்தைபோல் தாங்கும் என்று அன்று நான் வாதாடினேன். விழும் வேகத்தை மணல் வாங்கிக்கொள்ளும்தான். ஆனால் முன்சக்கரம் புதைந்து நின்றுவிட, பின்பாகம் 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். கார் குட்டிக்கரணம் போடும்.

அப்படியானால் படத்தில் அது எப்படிப் போனது? அதே படம் மறுபடி ஓடியபோது காரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தாவிய அம்பாசிடரின் சக்கரங்களில் மூடிகள் இல்லை. புழுதி கிளப்பிப் போன அம்பாசிடரில் நான்கும் பளபளத்தன.