இன்வாய்ஸ் போட்டாச்சு, பணம் வந்ததா?

கோவையில் நான் கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பல, வெளியாரிடம் ஒரு ரூபாய்கூட முதலீடு வாங்காதவை. அவை திணறுவதை, நஷ்டக் கணக்கு காட்டும் மாதத்தைவிட லாபம் காட்டும் மாதத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பீளமேட்டில் இரண்டு நண்பர்கள் நடத்தும் கம்பெனி. ஒரு மார்ச்சில் பெரிய வேலையை முடித்து 12 லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டார்கள். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 2,16,000 ரூபாய். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று ஜிஎஸ்டி காத்திருக்காது. ஏப்ரல் 20-க்குள் கைக்காசிலிருந்து கட்டினார்கள். பணம் வந்ததோ ஜூலையில். "லாபம்தானே சார் காட்டுது, அப்புறம் ஏன் சம்பளம் போட முடியல?" என்று கேட்ட நண்பர்களில் ஒருவரின் மேசையில் நகைக்கடன் ரசீது கிடந்தது. அம்மாவின் வளையல்கள்.

அவர்கள் உத்யம், அதாவது சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு, செய்திருக்கவில்லை. அதற்குக் கட்டணமே கிடையாது. பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வாடிக்கையாளர் கெடுவைத் தாண்டினால், பணம் தரும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிறகு, பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவே உத்யம் எண்ணைக் கேட்டு வாங்குகிறது. தயவுசெய்து வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

சந்தா முறையில் விற்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. ஏப்ரலில் ஓராண்டுச் சந்தாவாக 6 லட்சம் வருகிறது. அந்த மாதத்தில் உங்களுடையது 50,000தான். மீதி ஐந்தரை லட்சம் வாடிக்கையாளரிடம் நீங்கள் பட்டிருக்கும் கடன், பதினொரு மாத வேலையாகத் திருப்பித் தர வேண்டியது. அதை நம்பி ஜூனில் நான்கு பேரைச் சேர்த்தால் டிசம்பரில் கையில் காசு இருக்காது.

சாஃப்ட்வேர் நிறுவனமான ஜோஹோவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வெளி முதலீடு இல்லாமலேயே வளர்ந்தது. 2001 வாக்கில் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கைவிட்டுப் போனார்கள். அதுவரை சேர்த்து வைத்திருந்த காசுதான் ஆட்களைக் காப்பாற்றி, கம்பெனிகளின் கணினி அமைப்புகளை நிர்வகிக்க உதவும் மேனேஜ்எஞ்சின் என்ற அடுத்த சாஃப்ட்வேரைச் செய்ய நேரம் கொடுத்தது. சின்ன கம்பெனிக்கும் அதுவேதான் வழி என்பது என் எண்ணம்: மூன்று மாதச் சம்பளம் தனிக் கணக்கில், தொடாமல்.

பீளமேட்டு நண்பர்கள் இப்போது 40 சதவீதம் முன்பணம் வராமல் வேலை தொடங்குவதில்லை. அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆனால் வந்த காசிலிருந்தே போகிறது. போன வருடம் ஒரு பெரிய ஆர்டர் இதனாலேயே கைநழுவியது. எல்லோருக்கும் வருத்தம்தான். சம்பளம் மட்டும் 1-ஆம் தேதியே போய்ச் சேர்ந்தது.