பைனாகுலரைத் தொலைநோக்கி ஆக்காதீர்கள்

டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்த ஆண்டுதான் முதன்முறையாக மான் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறார். கட்டுப்படியாகும் விலையில் பைனாகுலர் தேடியபோது, தமிழில் மொழிபெயர்த்த ஒரு கையேடு அவர் கண்ணில் பட்டது. "இதில் என்னதான் சொல்கிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்று எனக்கு அனுப்பினார். அதில் ஒரு வரி: "துப்பாக்கித் தொலைநோக்கியைத் தொலைநோக்கியாகப் பயன்படுத்தாதீர்கள்."

பைனாகுலரைத் தொலைநோக்கி என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்த்துப் பொறுத்துப் போயிருக்கிறேன். இந்த வரிக்குப் பிறகு முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'பினி' என்றால் இரண்டிரண்டாக, 'ஓக்குலுஸ்' என்றால் கண். தூரம் என்ற பொருளே அதில் கிடையாது. தூரம் இருப்பது டெலஸ்கோப்பில்: கிரேக்கத்தில் 'டெலெ' தொலைவு, 'ஸ்கோபெயின்' நோக்குதல். நம் தொலைநோக்கி அதற்கு அப்படியே பொருந்திய சொல். 1608-இல் நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்பவரான லிப்பர்ஷே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டபோதே, இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி ஒன்று செய்து தரச் சொன்னார்கள். ஒற்றைக் குழல் வேறு, இரட்டைக் குழல் வேறு என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

இப்போது அந்த வரிக்கு வருவோம். துப்பாக்கி ஸ்கோப்பைப் பைனாகுலராகப் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் அது சொல்ல வந்தது. வேட்டைக்காரரிடம் தொலைவைப் பார்க்கும் கருவிகள் மூன்று இருக்கலாம். கழுத்தில் பைனாகுலர். முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக் குழல் ஸ்கோப். துப்பாக்கியின் மேல் பூட்டிய ஸ்கோப். இந்தக் கடைசி ஸ்கோப் வழியாகப் பார்த்தால் கண் போகும் இடத்துக்கெல்லாம் துப்பாக்கியின் வாயும் போகும். புதருக்குள் அசைவது மானா, இன்னொரு வேட்டைக்காரரா என்று தெரிந்துகொள்ள ஒருவர் துப்பாக்கியைத் தூக்கினால், பார்க்கும்போதே அந்த மனிதரைக் குறிவைத்துவிடுகிறார். அதனால்தான் துழாவிப் பார்க்க பைனாகுலர், குறிபார்க்க மட்டுமே துப்பாக்கி ஸ்கோப் என்று புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். உயிர் காக்கும் இந்த விதிதான் தமிழில் பொருளே இல்லாமல் போயிற்று. சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாமே என்பவர்களிடம் கேட்கிறேன்: அந்தச் சூழலே தெரியாத புதியவருக்காகத்தானே கையேடு?

சரி, 'இரட்டைத் தொலைநோக்கி' என்று சொல்லலாமா? சில அகராதிப் பிரியர்கள் சொல்கிறார்கள். அதுவும் சரிப்படாது. அமெரிக்காவின் அரிசோனாவில் கிரகாம் மலைமேல், 8.4 மீட்டர் ஆடிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வானாய்வுக் கருவி இருக்கிறது. உண்மையான இரட்டைத் தொலைநோக்கி அதுதான். அந்தப் பெயரைக் கழுத்தில் தொங்கும் முக்கால் கிலோ பொருளுக்குக் கொடுத்துவிட்டால், மலைமேல் இருப்பதை எப்படி அழைப்பது?

என் தேர்வு இருகண்ணோக்கி. கண், நீரோடு சேர்ந்து கண்ணீர் ஆவதுபோல் நோக்கியோடு சேர்ந்து கண்ணோக்கி. நுண்ணோக்கி ஏற்கெனவே நம்மிடம் இருப்பதால் காதுக்கும் புதிதில்லை. தூரம் என்ற பொருள் வரவில்லையே என்பார்கள். மூலச் சொல்லிலும் வரவில்லை. வரவேண்டியது இரண்டு கண்தான். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போதுதான் முன்னால் நிற்கும் கிளையும் பின்னால் நிற்கும் மானும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பேச்சில் பைனாகுலர் என்றே சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. தமிழாக்குகிறேன் என்று இன்னொரு கருவியின் பெயரைப் பிடுங்கி ஒட்டுவதுதான் தவறு.

அதே கையேட்டில் இதைவிடக் கொடுமை ஒன்று: "வெளியேறும் மாணவர் 5.25 மி.மீ." ஆங்கிலத்தில் மாணவருக்கும் கண்மணிக்கும் 'பியூப்பில்' என்று ஒரே சொல் என்பதால் வந்த வினை. இதை ஒருவர் மொழிபெயர்த்து, இன்னொருவர் படித்துப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும். மாணவர் எப்படி மில்லிமீட்டரில் வருவார் என்று இருவரில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

இத்தனைக்கும் மலிவு விலையில் வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டிய எண் அதுதான். 8×42 என்றால் எட்டு மடங்கு பெருக்கம், முன்வில்லை 42 மி.மீ. அகலம். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10×25 என்று சட்டைப்பையில் அடங்குவதை வாங்கினால் வெறும் 2.5. நடுப்பகலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. டெக்சாஸில் மான் வேட்டைக்கான நேரம் சூரியன் உதிக்க அரை மணி முன்பு தொடங்கி, மறைந்து அரை மணி பின்பு முடிகிறது. மான்கள் நடமாடுவதும் பெரும்பாலும் அந்த மங்கல் பொழுதுகளில்தான். அப்போது நம் கண்மணி அகலமாக விரிந்து ஒளிக்காகக் காத்திருக்கும், 2.5 வட்டம் அதற்குப் போதாது. பத்துக்கு மேல் பெருக்கம் கேட்டால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும்.

இதற்குச் சொல் தேடி அலையவும் வேண்டாம். லத்தீனில் கண்மணிக்குப் பெயர் 'பூப்பில்லா', குட்டிப் பொம்மை என்று பொருள். எதிரில் நிற்பவர் உருவம் கண்ணுக்குள் சிறிதாகத் தெரிவதால் வந்தது. நாமும் பாவை என்றுதான் சொல்கிறோம். "கருமணியிற் பாவாய்நீ போதாயாம்" என்று 1123-ஆம் குறளில் காதலன் தன் கண்ணின் பாவையை வெளியே போகச் சொல்கிறான், காதலிக்கு இடம் வேண்டுமாம். வெளிப்பாவை என்று எழுதினால் போதும். நண்பருக்கு அப்படித்தான் எழுதி அனுப்பினேன்: வெளிப்பாவை ஐந்துக்குக் குறையாத இருகண்ணோக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.